மூடாத பெட்டியும் சங்குக்கூடச் சந்து ஆனையும்

எங்கள் சங்குக்கூடச் சந்தில் ஆனை வந்து நின்ற கோடையில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ரெனால்ட் வேலை பார்க்கும் கப்பல் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக்கிடந்தது. என் மகள் பெனிட்டாவுக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. யார் தொட்டாலும் சுடுசட்டி பட்டதுபோலச் சுருண்டு அலறுவாள், அதில் பெற்றவள் மற்றவள் என்ற பேதமெல்லாம் கிடையாது, ஆகவே நான் அவளைத் தள்ளி நின்று செம்பால் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன், உடுப்பைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு அவளாக அதற்குள் நுழைந்துகொள்ளும்வரை கதவோரம் நின்றேன், அவள் தூங்கின பிறகு மட்டும் ஒரு விரலை அவள் முடியின் நுனியில் வைத்து எடுத்துக்கொள்வேன், திருடுகிறவள் மாதிரி.

இப்போதும் அவள் தூங்கின பிறகுதான் எழுதுகிறேன். பரிமளா டீச்சர் கொடுத்த நோட்டு இது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவளுக்கு மார்ஜின் போடாமல் எழுதப் பயம், அடித்துத் திருத்தப் பயம், பொய் சொல்ல ரொம்பப் பயம், ஏனென்றால் பொய் சொன்ன பிள்ளையின் நாக்கில் எங்கள் சிஸ்டர் ஒரு கல்லுப்பை வைத்து, அது கரையும்வரை சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நடந்தது எது, நான் நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பரிமளா டீச்சர் சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மாடியில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். அந்த மாதக் கடைசியில் பிள்ளைகளை எல்லாம் வேனில் ஏற்றித் திருவனந்தபுரத்து மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. திடீரென்று கண்ணால் பார்த்தால் மிரண்டுபோவார்கள், அதனால் ஒரு மாதம் முன்னாலிருந்தே மிருகங்களைக் கையால் பழக்க வேண்டும், வீட்டில் தாய்மார்தான் செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு பெரிய தட்டும், ஐந்து ரப்பர் பொம்மைகளும், நீலக் காகிதம் ஒட்டிய ஒரு பெட்டியும், இந்த நோட்டும் கொடுத்தார். நோட்டில் நாலு கட்டம். மிருகம், தட்டில் என்ன வைத்தோம், பிள்ளை என்ன செய்தது, முடிந்ததா. அந்த நாலாவது கட்டத்துக்குத்தான் நீலப் பெட்டி. அதற்குப் பெயரே முடிஞ்சாச்சுப் பெட்டி.

"விளையாண்டு முடிச்ச ஒடனே பொம்மைய பிள்ள தன் கையால பெட்டிக்குள்ள போட்டு மூடணும் மெட்டில்டா. நீங்க போடக்கூடாது, அவதான் போடணும். மூடாம எந்திரிச்சிட்டான்னா அவளுக்கு அந்த வெளையாட்டு முடியவே இல்லைன்னு அர்த்தம். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், பாத்துக்கோங்க" என்றார் டீச்சர். நான் அதையும் மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் கரடிக்குத் தட்டு நிறையத் தேங்காய்த் தும்பு பரப்பினேன். பெனிட்டா பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாள், பிறகு பொம்மையை இரண்டு விரலால் பிடித்துப் பெட்டியில் எறிந்து மூடினாள். முடிந்தது என்று எழுதினேன். பாம்புக்கு நனைத்த சைக்கிள் டியூப். அலறல், எறிதல், மூடல், முடிந்தது. முதலைக்குப் பலாப்பழத் தோல். தட்டையே கவிழ்த்தாள், முடிந்தது. ஒட்டகச்சிவிங்கிக்குப் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு. அதைப் பார்க்காமலே முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் மிகச் சுத்தமாக முடிந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது ஆனை. ஆனைத் தோலுக்கு மைதாவும் அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து, மயிருக்குத் தும்பை நறுக்கிச் செருகி, காதுக்கு இரண்டு பனையோலை விசிறியை ஓரத்தில் குத்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். பெனிட்டா தட்டின் முன் உட்கார்ந்தாள், முகர்ந்தாள், பிறகு வலது கையை விரித்து அந்தச் சாம்பல் மாவின்மேல் வைத்தாள், வைத்து அழுத்தினாள், மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று, அலறவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து நிமிஷம், பத்து, இருபத்திரண்டு. அப்படியே கையை உள்ளே வைத்தபடியே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். ஆனைப் பொம்மை தட்டோரம் நின்றது, பெட்டி திறந்து கிடந்தது. எழுப்பி, பெட்டியில் போடு மகளே என்று சொல்ல வேண்டும். எந்தத் தாய் எழுப்புவாள்? நான் எழுப்பவில்லை. நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளோடு சந்தின் நடுவில் எதன்மேலோ மோதி விழுந்தார். விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து கையை நீட்டித் தடவினார், மேலே தடவினார், கீழே தடவினார், பிறகு சிதறிய பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "ஆனைல்லா நிக்கு, இப்படிக் குறுக்க விட்டா மனுசன் எப்படிப் போவான்" என்று பொதுவாகத் திட்டிவிட்டுச் சுவரோரமாகச் சைக்கிளை உருட்டிப் போனார்.

கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்தது. சொரசொரத்த தோல் தெரிந்தது, அதில் தும்பு மாதிரி மயிர் தெரிந்தது, சாம்பலும் உப்பும் கலந்த வாடை தெரிந்தது, காது அசைந்தால் பனையோலைச் சத்தம் கேட்டது, அடி வயிற்றுக்குள் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. நான் வாசலில் நின்று ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டேன், எந்த மணியில் விட்டேன் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்காத என் மகள் என்னைத் தாண்டிப் போனாள், சந்தின் நடுவுக்குப் போனாள், நெற்றியை வெறும் காற்றில் வைத்து, ஏணியைச் சுவரில் சாய்த்த மாதிரிச் சாய்ந்து நின்றாள். அந்தச் சாய்வுக்கு யாராக இருந்தாலும் விழ வேண்டும். அவள் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள்.

இஸ்திரி வண்டிக்காரர் சுடலைமணி அண்ணாச்சி முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார், அவர் வண்டி நிற்கிற இடத்தில் அதன் பின்னங்கால் இருந்தது. பிறகு வண்டியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பக்கத்து வீட்டு மாரிச்செல்வி அக்கா மூன்றாம் நாள் தன் ஈரச் சேலையை அதன் முதுகில் வீசிக் காயப் போட்டார், உடம்புச் சூட்டில் பத்தே நிமிஷத்தில் காய்ந்தது, அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் போட்டார்கள், அப்புறம் எங்கள் சந்துக்குள் வருகிறவர்கள் கண்டது என்னவென்றால், வானத்தில் எட்டடி உயரத்தில் சேலையும் நைட்டியும் பள்ளிக்கூட யூனிபாரமும் மூச்சு விட்டுக்கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டு கிடந்ததுதான். துணியெல்லாம் லேசாக உப்புப் பூத்திருந்தது. அண்ணாச்சி தண்ணீர் தெளிக்காமலே தேய்க்க முடிகிறது என்றார். பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். தீர்த்தத்தைத் தெளிக்கக் கையை ஓங்கினதுமே ஆனை வாளி முழுவதையும் உறிஞ்சிவிட்டது, அவர் காலி வாளியைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "தாகமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆண் ஆனையா பெண் ஆனையா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. யாரும் குனிந்து தடவிப் பார்க்கத் துணியாததால் அது தீரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஆனை எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் பெனிட்டா. அவள் சாய்ந்து நிற்கிற இடத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் வளைத்தார், சிலிண்டர் போடுகிறவர் ஒதுங்கினார். அதுவரை அந்தச் சந்தில் என் மகளை யாரும் பெயர் சொன்னதில்லை, 'அந்த கத்துத பிள்ளை' என்பார்கள். இப்போது விடிந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் அவள் பெயர். "ஏட்டி, பெனிட்டா எந்தப் பக்கம் சாஞ்சிருக்கா?" "இன்னிக்கு பெனிட்டா மேற்க." "அப்பம் நீ கிழக்க வண்டிய எடு." நான் அடுப்படியில் நின்றபடி இதைக் கேட்பேன், எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஆறு வருஷமாக இல்லாத பெயர் இப்படித் தெருவில் புழங்கினால் நல்லதா கெட்டதா, எனக்கு என்ன தெரியும்?

ரெனால்ட் வீடியோவில் கூப்பிட்டபோது போனைத் தெருப் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பிள்ள என்ன மெட்டி, அந்தரத்துல சாஞ்சு நிக்கா?"

"ஆனையில சாஞ்சிருக்கா."

கடல் இரைச்சலுக்கு நடுவில், "சாப்பிட்டாளா?" என்றார்.

பரிமளா டீச்சர் ஒரு நாள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் உள்ளங்கையை ஆனையின் விலாவில் வைத்துப் பார்த்தார், பிறகு பெனிட்டாவைப் பார்த்தார், பிறகு என் நோட்டில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இவ கேக்கது ஒரு கனம் மெட்டில்டா" என்றார். "தன்னைத் திருப்பிப் பிடிக்காத கனம். நம்ம எல்லாரும் என்ன செய்யுதோம், ஒண்ணு இறுக்குதோம், இல்ல பயந்துபோய் விட்டுருதோம். இது ரெண்டும் செய்யாம நிக்கு பாருங்க."

"நா இப்பம் என்ன செய்யணும் டீச்சர்?"

"முடிக்கணும். ஆனா நீங்க முடிக்க முடியாது. அவதான் பொம்மைய பெட்டியில போடணும்."

வேன் அவளில்லாமலே திருவனந்தபுரம் போய் வந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுத வேண்டும். டீச்சர் போன அன்றே ஆனைப் பொம்மையை எடுத்து, மாதா சுரூபம் இருக்கிற கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மாதாவின் நீலச் சால்வைக்குப் பின்னால் வைத்துக் கூட்டை மூடிவிட்டேன். பொம்மை கையில் கிடைத்தால்தானே அவள் பெட்டியில் போடுவாள்? ஆனை போய்விட்டால் என் பிள்ளை மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள், தெரு மறுபடி அவள் பெயரை மறந்துவிடும் என்று எனக்குப் பயம். ஆனை என்றாவது ஒருநாள் அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்பதும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் கூட்டுக்குக் கொண்டியை மாட்டினேன்.

மே மாதம் குழாய் நின்றது. லாரித் தண்ணீர் என்றார்கள், லாரி வரவில்லை. ஆனைக்கென்று வீட்டுக்கொரு குடம் வைத்தவர்கள் அரைக் குடம் வைத்தார்கள், பிறகு ஒரு செம்பு வைத்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். அதுவோ ராத்திரியில் டிரம்மின் மூடியைத் தும்பிக்கையால் நகர்த்திக் குடித்தது. மூடிமேல் அம்மிக்கல்லை வைத்தார்கள். ஏழாம் நாள் அதன் முதுகில் போட்ட துணி நடுவில் குழிந்து தொங்கியது, ஒன்பதாம் நாள் விலா எலும்பைக் கையால் எண்ண முடிந்தது, பத்தாம் நாள் பெனிட்டா சாய்ந்தபோது அது தாங்க முடியாமல் ஓரடி பின்வாங்கியது, அவள் முழங்கால் தரையில் இடிக்க விழுந்து, எழுந்து, மறுபடி சாய்ந்தாள்.

அன்று சாயங்காலம் சந்தே என் வாசலில் நின்றது. யாரும் கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கஞ்சி வடிக்கத் தண்ணி இல்ல மெட்டில்டா" என்றார் மாரிச்செல்வி அக்கா. "அதும் பாவம், நாமளும் பாவம். டீச்சர்ட்ட நா கேட்டேன், பொம்மைய பெட்டியில போட்டா போயிரும்னு சொன்னாவ. பிள்ளைட்ட குடு, போடட்டும்."

"பொம்ம தொலைஞ்சிட்டுக்கா" என்றேன்.

சொன்னதும் நாக்கில் உப்புக் கரித்தது. துப்பிப் பார்த்தேன், நிஜமாகவே ஒரு கல்லுப்பு.

அவர்கள் என்னை நம்பினார்கள். நம்பினதால் தேடினார்கள். மாரிச்செல்வி அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு வாறுகால் சாக்கடையில் கையை விட்டுத் துழாவினார். சுடலைமணி அண்ணாச்சி இஸ்திரிப் பெட்டிச் சாம்பலைக் கொட்டிச் சலித்தார். யார் யாரோ பரண் ஏறினார்கள், பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்தார்கள், பாட்டரி லைட் அடித்து மாடிப்படிக்குக் கீழே பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் தேடினேன், குனிந்து குனிந்து, காணாமல் போன பொருளுக்கு வேண்டுகிற அந்தோணியார் ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தேடினேன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு உப்பு வாயில் விழுந்தது. "அழாத பிள்ள, கெடைச்சிரும்" என்று அக்கா சாக்கடைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையால் என் தோளைத் தட்டினார்.

பதினோராம் நாள் மத்தியானம் பெனிட்டா ஆனையை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தாள். தேடவே இல்லை. நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், கண்ணாடிக் கூட்டின் கொண்டியை நீக்கினாள், மாதாவின் சால்வைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தாள். அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவளும் எடுக்காமல் இருந்தாளா? பொய் சொன்ன பாவம் என்னோடது மட்டுமா, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒளித்துவைத்ததா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் பொம்மையை மூக்கில் வைத்து ரொம்ப நேரம் முகர்ந்தாள். கட்டிலடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தாள். போட்டாள். மூடினாள். மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே துணியெல்லாம் பொத்தென்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"போயிட்டு!" என்றது யாரோ ஒரு குரல். சந்தோஷமா துக்கமா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் நாலு வட்டமாக உப்பும் சாம்பலும் கிடந்தன, நடுவில் மாரிச்செல்வி அக்காவின் மஞ்சள் சேலை. யாரும் அந்த இடத்தில் கால் வைக்கவில்லை.

பெனிட்டா என் பின்னாலேயே வந்தாள். அந்த இடத்துக்குப் போனாள். கண்ணை மூடி, நெற்றியை நீட்டி, எப்போதும்போலச் சாய்ந்தாள். குப்புற விழுந்தாள். எழுந்தாள், சாய்ந்தாள், விழுந்தாள். முழங்காலில் ரத்தம். பெட்டியில் போட்டு மூடினதும் அவள்தான், இப்போது தேடுவதும் அவள்தான், மூன்றாவது தடவை விழுந்தபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. தூக்கினால் அலறுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். தூக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

நான் போய் நின்றேன். ஏன் போனேன் என்று யோசிக்கவில்லை, நாலு வட்டத்துக்கும் நடுவில் போய், அவளுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு, கை தானாக நீண்டு அவளைப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் இடுப்புச் சேலைக்குள் இறுகச் செருகிக்கொண்டு நின்றேன். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தேன். வெயில் கொளுத்தியது. பதினோரு நாளாகச் சரியாகக் குளிக்காத உடம்பு, வேர்வை காய்ந்து கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது, இஸ்திரி வண்டிச் சாம்பல் பறந்து வந்து அதில் ஒட்டியது. என் முழங்கைக்குப் பக்கத்தில் அவள் மூக்கு வந்தது. முகர்ந்தாள். பிறகு என் இடுப்புக்கு மேலே, விலாவில், அவள் நெற்றி வந்து இடித்தது.

ஆறு வயதுப் பிள்ளை இவ்வளவு கனமாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மூன்று வருஷமாக நான் அவளைத் தூக்கினதில்லையே. முழு உடம்பையும் என்மேல் போட்டாள், நான் ஒரு கால் நகர்ந்தாலும் விழுந்துவிடுகிற மாதிரிப் போட்டாள். அம்மா என்று சாய்கிறாளா, ஆனை என்று சாய்கிறாளா? கேட்க வழியில்லை. என் வயிற்றுக்குள் ஏதோ இரைந்தது, பசியாக இருக்கலாம். அவள் மூச்சு மெல்ல நீளமாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் பதினோரு நாள் கழித்துத் தண்ணீர் லாரி சந்து முனையில் திரும்பியது. குடங்கள் எல்லாம் சடசடவென்று எழுந்தன. டிரைவர் நடுத்தெருவில் நிற்கிற எங்களைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார், மாரிச்செல்வி அக்கா ஓடிப்போய் லாரியின் கதவில் படபடவென்று தட்டினார்.

"யோவ், ஹாரன அடிச்சிராதேயும்! ஆனை நிக்குல்லா, கண்ணு தெரியல?"

"எங்க நிக்கு?"

மொத்தச் சந்தும் என்னைக் காட்டியது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். என்ன கண்டாரோ, இஞ்சினை அணைத்தார். குழாயைச் சந்து முனையிலேயே திறந்துவிட்டார்கள், அங்கிருந்து குடங்கள் கை மாறிக் கை மாறி, எங்கள் இரண்டு பேரைச் சுற்றி வளைந்து, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் வீடுகளுக்குப் போயின. என் கால் மரத்துவிட்டது. போகிற போக்கில் யாரோ ஒரு செம்புத் தண்ணீரை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"எப்பம்ணே இது நகரும்?" என்று டிரைவர் கேட்டது எனக்குக் கேட்டது. "நா இன்னும் ரெண்டு தெருவுக்குப் போணும்."

சுடலைமணி அண்ணாச்சி குடத்தை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அத பிள்ளல்லா சொல்லணும்."